வெயில் போன பக்கத்து இலைகள்

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே காலியாகக் கிடந்த மனையில் நாலு மாடிக் குடியிருப்பு எழும்பிய வருடமும், என் கணவர் வேலைக்குப் போவதை நிறுத்திய வருடமும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எனக்கு ஒன்றை நினைத்தால் மற்றது கூடவே வந்துவிடுகிறது.

திருமுல்லைவாயிலில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. கிழக்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே பத்தடி அகலத்தில் நீளமாக ஒரு மண் பட்டை. அதன் நடுவில் பின்பக்கக் குழாய் வரைக்கும் சிமென்ட் நடை. நடைக்கு இரண்டு பக்கமும் ரோஜா, மல்லி, செம்பருத்தி வைத்திருந்தேன். காலை வெயில் நேராக அங்கேதான் விழும். ஆவடியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். காலை ரயிலைப் பிடிக்க ஓடும்போது கையில் ஒரு ரோஜாவாவது இருக்கும்.

மாடி எழும்ப எழும்ப வெயில் பின்வாங்கியது. முதல் தளம் வந்தபோது எட்டு மணிக்கு வந்தது, பிறகு ஒன்பதரைக்கு. கட்டி முடித்தபோது பதினொரு மணிக்குத்தான் மொட்டைமாடிக் கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்தது. ஒன்றரைக்கெல்லாம் எங்கள் வீட்டு நிழலே அதைத் தின்றுவிடும். ரோஜாச் செடிகள் ஒல்லியாக உயர்ந்து வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்தன. மல்லி கொடியாக ஓடியது, மொட்டு வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். கடைசியில் சிமென்ட் தூசி படிந்த மண் மட்டும் மிச்சம்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யும் ஒரு பட்டறையில் இருந்தார். அடிபட்டு வந்த காரில் நசுங்கிய பகுதியைத் தட்டி நேராக்கி, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டும். அடித்த இடம் தெரியக் கூடாது. அதற்கு நிறம் கலப்பதுதான் அவர் வேலை. கம்பெனி கொடுக்கும் அளவுப்படி கலந்தால் பொருந்தாது என்பார். "அஞ்சு வருசம் வெயில்ல நின்னு வந்த வெள்ளை வேற, புது வெள்ளை வேற." குச்சியால் ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று விட்டு, தகட்டில் தடவி, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். முப்பது வருடம் அப்படிப் பார்த்த கண்.

ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கார் ஒன்றின் கதவுக்கு அவர் கலந்த பெயின்ட், வண்டிக்காரர் வெளியே எடுத்துப் போன பிறகு தனியாக ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. திரும்பக் கொண்டுவந்து நிறுத்திச் சத்தம் போட்டிருக்கிறார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

"தப்பு எல்லாருக்கும்தான் வரும்" என்றேன்.

"தப்பு இல்லடி. அந்தக் கதவு எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சிது. எல்லாரும் காட்னப்பவும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிது."

அடுத்த வாரம் கண் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு வெகுநாளாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றார். ஓரப் பார்வை இரண்டு கண்ணிலும் ஏற்கெனவே பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு வருடமாக இவர் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டதும், தட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. "போனது திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். நெருங்கிய நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாது, நேரெதிரான நிறங்கள் கொஞ்ச காலம் தெரியும் என்றார். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிட்டார். ஓசூரில் இருக்கும் மகள் வாரத்துக்கு இரண்டு முறை போனில் அழுதாள். இவர் யாரோடும் பேசாமல் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து, ஒன்றும் இல்லாத அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க முடியாமல்தான் ஒரு சனிக்கிழமை அவரை நசரத்பேட்டைக்கு அழைத்துப் போனேன். பெங்களூர் ரோட்டோரம் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே ஒரு நர்சரி இருப்பதாகக் கூட வேலை பார்க்கும் டீச்சர் சொல்லியிருந்தாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று.

நர்சரிக்காரர் பூந்தமல்லியைச் சேர்ந்த பாய். ஐம்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா வேணும்? ரோசா வந்துகீது, பாரு."

"ரோஸெல்லாம் செத்துப்போச்சு பாய். பக்கத்துல மாடி கட்டிட்டாங்க. பதினொண்ணுலேருந்து ஒண்ணரை வரைக்கும்தான் வெயில். அதுல பூக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"நெழல்ல நின்னுகினு பூவைக் கேட்டா எப்டிமா? எலையக் கேளு. அது குடுக்கும்."

பந்தலின் உள்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே பூ என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் எல்லா நிறமும் இருந்தது. சேப்பங்கிழங்கு இலை போலவே இருந்து, பாலைக் கொட்டின மாதிரி வெளுத்துப் பச்சை நரம்பு ஓடும் கலேடியம். விளிம்பில் எலுமிச்சைப் பச்சையும் நடுவில் ரத்தச் சிவப்புமாகக் கோலியஸ். மேலே பச்சை, புரட்டினால் அடியில் ஊதா என்று கத்தி போன்ற இலைகளோடு ரியோ. செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் அகாலிபா. மஞ்சள் தெளித்த குரோட்டன்ஸ்.

என் கணவரின் கை என் கையிலிருந்து நழுவியது. தொட்டி வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தலையை ஒருக்களித்து, மிச்சமிருந்த பார்வைக்கு நேராக ஒவ்வொரு இலையையும் கொண்டுவந்து பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவராக வாய் திறந்தார்.

"இந்த மஞ்சளத் தனியா வச்சா மஞ்சளாவே தெரியாது. பக்கத்துல கறுஞ்செவப்பு ஒண்ணு நிக்கணும். அப்பத்தான் எடுத்துக் குடுக்கும்."

பாய் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "அண்ணாத்தே இன்னா தொழிலு?"

"கலரு" என்றார் இவர்.

இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்தச் செடிக்கு எவ்வளவு நிழல் தாங்கும் என்று பாய் சொல்வார். எதன் பக்கத்தில் எது என்று இவர் சொல்வார். நான் இருவருக்கும் நடுவில் தொட்டிகளைத் தூக்கித் தூக்கி இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் பாயே குட்டி யானை வண்டியில் செடிகளையும் நாலு மூட்டை செம்மண்ணையும் கொண்டுவந்து இறக்கினார்.

காம்பவுண்டை ஒட்டி உயரமாக வளரும் அகாலிபாவும், நீண்ட வாள் இலைகளோடு டிரசினாவும். அதற்கு முன்னால் இடுப்பளவுக்குக் கோலியஸ். கீழே மண்ணை மூடுகிற மாதிரி ரியோ. வெயில் அதிகம் படும் தெற்குக் கோடியில் குரோட்டன்ஸ். வெயில் அதிகம் படாத நடுப்பகுதியில் கலேடியம். நடையின் இரு ஓரத்திலும் தொட்டிகள். இப்படித்தான் முதலில் வைத்தோம். தவறுகளும் நடந்தன. ஆசைப்பட்டு ஒரு குரோட்டன்ஸை நடுநிழலில் நட்டேன். மூன்று மாதத்தில் மஞ்சள், சிவப்பு எல்லாம் போய் வெறும் பச்சையாகிவிட்டது. கோலியஸ் கிள்ளாமல் விட்டதில் குச்சியாக நீண்டு பூ விட்டு, இலை சிறுத்தது. பிறகு வாராவாரம் நுனியைக் கிள்ளக் கற்றுக்கொண்டேன். அந்த ஊதாப் பூவை வெட்டிப் போடும்போது மனசு சங்கடப்படும். பூவுக்காக ஏங்கிய வீட்டில் பூவை வெட்டிப் போடுகிறேனே என்று.

அவர் படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். ஊதா ரியோவுக்குப் பின்னால் கரும்பச்சை இருந்த இடத்தைக் காட்டி ஒரு நாள், "அங்க இன்னா, குழியா?" என்று கேட்டார். இரண்டு இருட்டு நிறங்களும் அவருக்கு ஒன்றாகிப் பள்ளமாகத் தெரிந்திருக்கின்றன. நடுவில் வெளிர்பச்சை இலை ஒன்றை வைத்தேன். "இப்ப மூடிக்கிச்சு" என்றார். அடுத்து இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் அவருக்குக் கலந்துபோயின. இரண்டையும் பிரித்து வைத்தேன். அழகு எது என்று நான் யோசிக்கவில்லை. அவருக்கு எது தெரிகிறது என்று மட்டும் பார்த்தேன். போகப் போகத் தோட்டத்தில் மங்கல் நிறமெல்லாம் வெளியேறி வெள்ளையும் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடை மாதிரி. வந்து பார்த்தவர்கள் "ரொம்பப் பளிச்சுனு இருக்கு டீச்சர்" என்றார்கள்.

இரண்டாவது வருடம் அவர் இடம் மாற்றச் சொல்வதை நிறுத்திவிட்டார். நாலு மணிக்கு வந்து உட்காருவார். டீ குடிப்பார். "இன்னிக்குச் செவப்பு நல்லா ஏறிக்கீது" என்பார். "மழைக்கு அந்த வெள்ள எல கிழிஞ்சிருக்குமே" என்பார். கிழிந்துதான் இருக்கும். நான் கிள்ளும் சத்தம் கேட்டால், "கோலியஸா? நுனிய மட்டும் எடு" என்பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டர் சொன்ன கொஞ்ச காலம் நீண்டுகொண்டே போகிறது என்று நினைத்தேன். மகளிடமும் அப்படித்தான் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போவோம். உள்ளே அவர் போவார், நான் மருந்து வாங்கும் வரிசையில் நிற்பேன். வெளியே வந்து, "அப்டியேதான் கீதாம்" என்பார். சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

போனில் வரும் செய்தியை என்னைப் படிக்கச் சொல்வார், எழுத்து சின்னது என்று. சாப்பாட்டில் எது எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பார். இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. பார்த்ததை ஒன்றோடு ஒன்று சேர்த்து யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்கழிக் குளிரில் கலேடியம் இலை உதிர்த்து மண்ணுக்குள் போய்விடும். சித்திரையில்தான் மறுபடி முளைக்கும். அந்த நாலு மாதமும் நடுப்பகுதி மொட்டையாக, இருட்டாக இருக்கும். அந்தப் பொங்கல் விடுமுறையில் அதைச் சரி செய்யலாம் என்று தோன்றியது. பின்பக்கம் குழாயடியில் வெள்ளை தெளித்த இலைகளோடு மூன்று பெரிய தொட்டிகள் இருந்தன. அவர் மத்தியானம் தூங்கும்போது அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி முன்னால் கொண்டுவந்தேன். படிக்கு நேர் எதிரே இருந்த சிவப்பு அகாலிபாத் தொட்டியைக் கோடிக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளை. நடை லேசாக வளையும் இடத்தில், ஓரத்தில் இடம் போதாமல் நடை மேலேயே, இரண்டு வெள்ளை. எழுந்து வந்து பார்க்கட்டும், ஆச்சரியப்படுவார் என்று முதுகு வலியோடு காத்திருந்தேன்.

நாலு மணிக்கு வந்தார். வழக்கம்போலப் படியில் உட்கார்ந்தார். நேர் எதிரே பார்த்தார். நான் டீயோடு நின்றேன்.

"அந்தச் செவப்பு இன்னிக்கு எரியுது பாரு, நெருப்பு மாதிரி" என்றார்.

நான் கிண்டல் என்று நினைத்தேன். "நல்லாப் பாருங்க" என்றேன்.

"பாத்துகினுதான் கீறேன். நேத்தைக்கு விட இன்னிக்கு நல்லாகீது."

அவருக்கு எதிரே இருந்தது வெள்ளை. வெள்ளையும் பச்சையும் தவிர அங்கே ஒன்றுமே இல்லை. என் வாய் வரைக்கும் ஒரு கேள்வி வந்தது. கேட்பதற்குள் அவர், "கையக் கழுவிக்கினு வரேன்" என்று எழுந்து குழாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். கணக்காக, தயக்கமே இல்லாமல், பார்வை உள்ள மனிதரைப் போல நடந்தார். வளைவில் முழங்கால் முதல் தொட்டியில் இடித்தது. இரண்டாவதன் மேல் அப்படியே விழுந்தார்.

நான் கத்திய கத்தலில் மாடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தொட்டி உடைந்து ஓடு நெற்றியைக் கிழித்திருந்தது. வலது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் துப்பட்டாவை அவர் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தேன்.

"எப்பலேருந்து தெரியலை?" என்றேன்.

அவர் "ஆடி மாசத்துலேருந்து" என்றார். "வெளிச்சம் தெரியும். பகலா, சாயங்காலமான்னு தெரியும். அவ்ளோதான்."

"ஆறு மாசம்."

"ஆமா."

"தினமும் சிவப்பு ஏறியிருக்கு, வெள்ளை கிழிஞ்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"எது எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். நான்தான வைக்கச் சொன்னேன். மழ பேஞ்சா வெள்ள எல கிழியும்னும் தெரியும். அதான் சொன்னேன்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"நீ ஞாயித்துக்கெழம ஆனா மண்ணக் கெளறிக்கினு பாட்டுப் பாடிகினு இருப்ப. எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டா, நீ எதுக்குமா பாடுவ?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் நெற்றியில் இருந்த கையை எடுத்துவிடலாமா என்று தோன்றும் அளவுக்கு வந்தது. நான் முதுகு ஒடிய ஒடிய நிறம் பார்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் ஒரு காலிக் கண்ணுக்கு முன்னால். அவர் தினமும் உட்கார்ந்து சொன்னதெல்லாம் எனக்காக நடித்தது. ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஆறு மாதம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இருந்திருக்கிறோம். உள்ளே கூப்பிட்டார்கள். கையைப் பிடித்து எழுப்பினேன். முதல் தடவையாக அவர் கைத்தடியைப் பிடிப்பது மாதிரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டுப் போட்டு வந்த பிறகு அவர் அலமாரியில் மருந்துச் சீட்டு தேடினேன். வேலைக்குப் போன காலத்து நிற அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. சின்னச் சின்னக் கட்டங்களில் நூற்றுக்கணக்கான நிறங்கள். அதற்கு நடுவில் கண் ஆஸ்பத்திரிக் காகிதங்களை மடித்துச் செருகி வைத்திருந்தார். கடைசி இரண்டு சோதனைகளிலும் பார்வை வரைபடம் முழுக்கக் கறுப்பு. நான் மருந்து வரிசையில் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டர் அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். சொன்னதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து, "அப்டியேதான் கீதாம்" என்று சிரித்திருக்கிறார். அந்தக் காகிதங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அவர் பக்கவாட்டுப் படிக்கு வரவேயில்லை. முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். நான் ஒரு நாள் ஆர்வமாக, "அகாலிபா இன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். கட்டுப் போடாத கையைத் தூக்கி, "சொல்லாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குமேல் நான் சொன்னதில்லை.

நானும் தோட்டத்துக்குப் போகவில்லை. பள்ளி, சமையல், அவரைக் குளிக்க வைப்பது, ஆஸ்பத்திரி. மாசியில் கோலியஸ் நீண்டு பூ விட்டுக் கிழடு தட்டியது. குரோட்டன்ஸ் தண்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தது. உடைந்த தொட்டியின் ஓடுகளைக்கூட நான் பொறுக்கவில்லை. வளைவில் அவர் விழுந்த இடத்தில் மண் அப்படியே சிதறிக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் துணி காயப்போடப் போவேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை வாசலில் குட்டி யானை வந்து நின்றது. மாடிக் குடியிருப்பின் நுழைவாயிலில் வைப்பதற்குச் செடி கேட்டிருந்தார்களாம். இறக்கிவிட்டு பாய் எங்கள் கேட்டைத் தட்டினார். "அண்ணாத்தே எப்டி கீறாரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் தோட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

நடந்ததைச் சொன்னேன். பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எல்லாம் கேட்டு முடித்து, "நான்தாம்மா அன்னிக்கு அவ்ளோ தொட்டிய உன் தலைல கட்டுனேன்" என்றார்.

"உங்க மேல என்ன பாய் தப்பு?"

"எட்துகினு போவட்டா? நர்சரில வச்சிக் காப்பாத்துறேன். உனுக்கு எப்ப வோணுமோ அப்ப கேளு."

நான் பதில் சொல்வதற்குள் முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. "குடுத்துடு. காலுல தடுக்குறதுக்கா வச்சிகினு கீற?"

பாய் அந்தக் குரல் வந்த பக்கம் போய், கதவருகே நின்று, "சலாம் அண்ணாத்தே" என்றார். இவர் எழுந்து இடது கையை நீட்டினார். கை பாய் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. பாய் நகர்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் செடியைப் பற்றிப் பேசவில்லை. பூந்தமல்லிப் பக்கம் பாலம் வேலை நடப்பதையும் அங்கே வண்டி நகராமல் நிற்பதையும் பற்றிப் பேசினார்கள்.

நடையோரம் இருந்த தொட்டிகள் அத்தனையும் வண்டியில் ஏறின. தரையில் வேர்விட்டவை மட்டும் நின்றன. நடை இப்போது சுத்தமாக, வீட்டிலிருந்து குழாய் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் இருந்தது. அன்று சாயங்காலம் நான் ஓடுகளைப் பொறுக்கினேன். சிதறிய மண்ணைக் கூட்டினேன். அவரை அழைத்து வந்து, "இப்ப ஒண்ணுமே இல்ல, நடந்து பாருங்க" என்றேன். வாசல் வரைக்கும் வந்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு, "இன்னொரு நாளு" என்று திரும்பிவிட்டார். அந்த இன்னொரு நாள் இதுவரை வரவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

பார்வையற்றவர்களுக்குக் கைத்தடிப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்றை மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். முதலில் மறுத்தார். கை கூடிய பிறகு சம்மதித்தார். இப்போது தெரு முனை வரைக்கும் தனியாகப் போய் வருகிறார். எங்கேயாவது பெயின்ட் வாசனை வந்தால் நின்றுவிடுகிறார் என்று எதிர் வீட்டுக்காரர் சொன்னார். என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை. சமையலறையில் எல்லாவற்றுக்கும் இடம் பழகிவிட்டது. டம்ளர் விளிம்பில் விரல் வைத்து, சூடு தட்டும் வரை ஊற்றி, டீ போட்டுக்கொள்கிறார். எனக்கும் சேர்த்துத்தான்.

தோட்டம் கொஞ்ச நாள் தானாக வளர்ந்தது. சித்திரையில் நான் கிழட்டுக் கோலியஸை எல்லாம் பிடுங்கினேன். நல்ல தண்டாகப் பார்த்து ஒடித்துத் தண்ணீரில் போட்டு வேர் பிடிக்க வைத்தேன். வேப்பெண்ணெய் கரைசலைத் துணியில் நனைத்து மாவுப்பூச்சியைத் துடைத்தேன். அகாலிபாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். வெறும் கையோடு நின்றபோதுதான், இனி எதன் பக்கத்தில் எதை வைப்பது என்ற கேள்வி வந்தது. யாருக்குத் தெரிய வேண்டும் என்று வைப்பது?

ஆனி மாதம் ஒரு விடுமுறை நாளில் தனியாக நசரத்பேட்டைக்குப் போனேன். பாய் கொண்டுபோன தொட்டிகளைக் கேட்கவில்லை. அவரும் பேச்சை எடுக்கவில்லை. கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும் கறுஞ்சிவப்பு டிரசினா இரண்டு எடுத்தேன். அடர்ஊதா இலை ஒன்று. கரும்பச்சையில் வெள்ளி ஓடும் சின்னச் செடிகள் கொஞ்சம். "எல்லாம் இருட்டாப் போவுதேமா, நடுவுல ஒரு மஞ்சள் வோணாமா?" என்றார் பாய்.

"வேணாம் பாய்."

அவற்றைக் காம்பவுண்டு ஓரத்தில் நேரடியாக மண்ணில் நட்டேன். வெயில் போனபின் வரும் அந்த மங்கல் வெளிச்சத்தில் அந்த நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, அருகில் போனால்தான் பிரியும். ஊதாவுக்கு அடியில் ஒரு பச்சை, அதற்குள் வெள்ளி. இத்தனை வருடத்தில் நான் எனக்குப் பிடித்த மாதிரி வைத்த முதல் பாத்தி அதுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்தவுடன் திருட்டுத்தனம் செய்த மாதிரி மனசு குறுகியது. உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே, பார்வை மங்கிய நாளிலிருந்து அவருக்குப் பிரிந்து தெரிந்தேயிருக்காத நிறங்களை எனக்கென்று அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறுகல் இன்னும் போகவில்லை. ஆனாலும் வாராவாரம் போய்க் களை எடுக்கிறேன், தண்ணீர் விடுகிறேன். பாடுவதில்லை.

அந்தப் பாத்தியை நட்ட அன்றைக்குக் குழாயடியில் கை கழுவிவிட்டு உள்ளே வந்தேன். அவர் இரண்டு டம்ளர் டீயை மேசையில் வைத்திருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது."

என்ன நட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "ஆறிடப் போவுது, குடி" என்று டம்ளரை என் பக்கமாக மெதுவாகத் தள்ளினார்.